உறைவிடப் பள்ளி நேர்காணல் எதைப் பார்க்க வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உறைவிடப் பள்ளிச் சேர்க்கைப் பருவத்தை ஒட்டித் தங்கள் நாளிதழின் கல்விப் பக்கத்தில், நேர்காணலில் வெற்றி பெறுவதற்கான யோசனைகள் என்று ஒரு கட்டுரை வெளியாகியிருந்தது. உட்காரும் விதம், குரலின் ஏற்ற இறக்கம், 'உன் லட்சியம் என்ன' என்ற கேள்விக்கு மூன்று வாக்கியங்களில் ஒரு விடை, 'உன் பலவீனம் என்ன' என்ற கேள்விக்குப் பலவீனத்தைப் போல் வேடமிட்ட ஒரு பலம் என்று எல்லாமே அதில் இருந்தன. அந்த நேர்காணலை ஒரு பள்ளி எதற்காக நடத்துகிறது என்பது மட்டும் இல்லை. பல ஆண்டுகள் ஓர் உறைவிடப் பள்ளியில் ஆசிரியராகவும் விடுதிக் காப்பாளராகவும் இருந்து, ஒவ்வொரு சேர்க்கைப் பருவத்திலும் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவன் என்ற முறையில், விடுபட்டதைப் பற்றிச் சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன். கடிதம் சற்று நீளமாகிவிட்டதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பகல் பள்ளிக்கும் உறைவிடப் பள்ளிக்கும் உள்ள வேறுபாடு மாலை நான்கு மணிக்குத் தொடங்குகிறது. பகல் பள்ளி அந்த நேரத்தில் பிள்ளையை வீட்டாரிடம் திருப்பிக் கொடுத்துவிடும். அதன் அழுகை, காய்ச்சல், கோபம், தூக்கம் எல்லாம் வீட்டின் பொறுப்பு. உறைவிடப் பள்ளிக்கு அந்த வசதி இல்லை. வகுப்பில் பிள்ளை எப்படிப் படிக்கும் என்பதை அறிய எழுத்துத் தேர்வு இருக்கிறது, முந்தைய பள்ளியின் மதிப்பெண் பட்டியல் இருக்கிறது, தேவையானால் பழைய ஆசிரியரின் கடிதமும் கிடைக்கும். இவை எதுவும் சொல்லாத ஒன்றை அறியத்தான் நேர்காணல்: மாலை நான்கு மணியிலிருந்து மறுநாள் காலை எட்டு மணி வரை இந்தப் பிள்ளை இங்கே எப்படி இருக்கும், அதை நம்மால் பார்த்துக்கொள்ள முடியுமா என்பது. ஏற்கெனவே தாளில் இருக்கும் கணக்கையும் இலக்கணத்தையும் மறுபடி வாயால் சொல்லச் சொல்லும் குழு, தனக்குக் கிடைத்த இருபது நிமிடத்தை வீணாக்குகிறது என்றே சொல்வேன்.

இது என் சொந்தக் கருத்து மட்டும் அன்று. இங்கிலாந்தின் அரசு நிதி பெறும் பள்ளிகளுக்கான சேர்க்கை விதித் தொகுப்பு, சேர்க்கைக்காகப் பிள்ளைகளையோ பெற்றோரையோ நேர்காணல் செய்வதைப் பொதுவாகத் தடை செய்கிறது. உறைவிடப் பள்ளிகளுக்கு மட்டும் அதில் ஒரு விலக்கு உண்டு. அந்த விலக்கும் எல்லை வகுக்கப்பட்டது. விடுதி வாழ்க்கைக்குப் பிள்ளை பொருத்தமானதா என்று பார்க்கும்போது பள்ளி இரண்டே விஷயங்களைக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். ஒன்று, விடுதியிலுள்ள மற்றப் பிள்ளைகளின் உடல்நலத்துக்கோ பாதுகாப்புக்கோ இந்தப் பிள்ளையால் கடுமையான ஆபத்து வருமா என்பது. மற்றது, விடுதியில் தங்கும் அளவுக்குப் பிள்ளையின் வளர்ச்சி இருக்கிறதா என்பது. பேச்சுத் திறன், தலைமைப் பண்பு, தந்தையின் தொழில், தாயின் உடை எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை. தனியார் பள்ளிகளை அந்த விதி கட்டுப்படுத்தாது என்றாலும், நேர்காணல் எதற்கு என்ற கேள்விக்கு இவ்வளவு சுருக்கமான விடையை நான் வேறெங்கும் படித்ததில்லை.

நேர்காணலுக்கு மதிப்பெண் தரும் பள்ளிகளும் உண்டு என்பதை மறுக்கவில்லை. டேராடூனில் 1922 முதல் இயங்கிவரும் இராஷ்டிரிய இந்திய இராணுவக் கல்லூரியின் நுழைவுத் தேர்வில் ஆங்கிலத்துக்கு 125, கணிதத்துக்கு 200, பொது அறிவுக்கு 75 என்று எழுத்துத் தாள்களுக்கு 400 மதிப்பெண்ணும், வாய்மொழித் தேர்வுக்கு 50 மதிப்பெண்ணும் உண்டு. வருங்கால இராணுவ அதிகாரிகளை உருவாக்குவதற்கென்றே ஏற்பட்ட ஓர் உறைவிடக் கல்லூரிகூடப் பேச்சுக்கு ஒன்பதில் ஒரு பங்குக்கு மேல் எடை தரவில்லை என்பதை, மூன்று மாதம் 'இன்டர்வியூ கோச்சிங்' அனுப்பும் பெற்றோர் கவனிக்க வேண்டும். இன்னொரு வகையும் இருக்கிறது. அமெரிக்காவின் ஃபிலிப்ஸ் எக்ஸெட்டர் பள்ளியில் 1930இல் எட்வர்டு ஹார்க்னஸ் என்பவர் கொடுத்த நன்கொடையைக் கொண்டு, ஏறத்தாழப் பன்னிரண்டு மாணவர்கள் ஒரு நீள்வட்ட மேசையைச் சுற்றி அமர்ந்து பாடத்தை விவாதித்தே படிக்கும் முறை கொண்டுவரப்பட்டது. அத்தகைய பள்ளி, வருகிற பிள்ளை அடுத்தவர் பேசும்போது கேட்டுக்கொள்கிறதா, தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறதா என்று பார்ப்பது நியாயம். அங்கே நாள்தோறும் நடப்பது அதுதான். பள்ளி தன்னிடம் உண்மையில் நடப்பதை வைத்துக் கேட்க வேண்டும் என்பதற்காக இதைச் சொல்கிறேன். பாடமெல்லாம் கரும்பலகையிலிருந்து நகலெடுக்கப்படும் ஒரு பள்ளி, நேர்காணலில் மட்டும் விவாதத் திறனைத் தேடுவது வேடிக்கை.

நாங்கள் கேட்ட கேள்விகள் சிலவற்றைச் சொன்னால் விஷயம் தெளிவாகும். காலையில் உன்னை யார் எழுப்புகிறார்கள்? சொந்தக்காரர் வீட்டில் அம்மா அப்பா இல்லாமல் தங்கியிருக்கிறாயா, எத்தனை இரவு? உன் பொருள் ஒன்று காணாமல் போய், அது பக்கத்துக் கட்டிலில் இருக்கும் பையனிடம் இருப்பதைப் பார்த்தால் என்ன செய்வாய்? விளையாட்டில் உன்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை என்றால்? இவற்றுக்குச் சரியான விடை என்று எதுவும் எங்களிடம் இல்லை. முதல் கேள்விக்குப் பாதிப் பிள்ளைகளுக்குத் தாய்தான் விடை சொல்வார். "அவனாகவே ஐந்து மணிக்கு எழுந்துவிடுவான் சார்" என்று அவர் சொல்லும்போது பையன் தரையைப் பார்ப்பான். அதிலிருந்து பையனைப் பற்றி எதுவும் தெரிந்துகொள்ள முடியாது. தாய் எதற்கு அஞ்சுகிறார் என்பது மட்டும் தெரியும். தானாக எழாத பிள்ளையை நாங்கள் ஒதுக்கியதில்லை. எழுப்புவதற்குத்தான் விடுதியில் மணி இருக்கிறது, மணிக்கும் எழாதவர்களை எழுப்ப நான் இருந்தேன்.

எல்லாவற்றுக்கும் கடைசியாக நான் கேட்டுவந்த கேள்வி வேறு. "இங்கே ஒருநாள் ராத்திரி உனக்கு ஏதோ சரியில்லை என்று வைத்துக்கொள், தம்பி, யாரிடம் சொல்வாய்?" இந்தக் கேள்விக்கு வரும் விடையைத்தான் குழுவில் நான் அதிகம் நம்பினேன். பெற்றோர் தயார் செய்து அனுப்பும் விடை பெரும்பாலும் ஒன்றுதான்: "நானே சமாளித்துக்கொள்வேன் சார்." கேட்பதற்கு வீரமாக இருக்கும் அந்த விடை, விடுதிக் காப்பாளருக்கு வயிற்றைக் கலக்கும் விடை. இரவு முழுவதும் வயிற்று வலியைப் பல்லைக் கடித்துச் சமாளிக்கிற பிள்ளையும், மூத்த மாணவன் ஒருவன் தொடர்ந்து மிரட்டுவதை வாய் திறக்காமல் தாங்கிக்கொள்கிற பிள்ளையும்தான் விடுதியில் ஆபத்தில் இருக்கிற பிள்ளைகள். 'வார்டனிடம் சொல்வேன்', 'பக்கத்தில் படுத்திருப்பவனை எழுப்புவேன்', 'அம்மாவுக்குப் போன் போடச் சொல்வேன்' என்று எதைச் சொன்னாலும் சரி. உதவி கேட்பது அவமானம் என்று நினைக்காத பிள்ளை விடுதியில் பிழைத்துக்கொள்ளும். ஒருமுறை ஒரு சிறுமி நீண்ட நேரம் யோசித்துவிட்டு, "இங்கே யார் யார் இருப்பார்கள் என்று முதலில் சொல்லுங்கள்" என்று திருப்பிக் கேட்டாள். அதைவிடச் சரியான விடையை நான் கேட்டதில்லை. உறைவிடப் பள்ளிகளுக்கான இங்கிலாந்தின் குறைந்தபட்சத் தர விதிகள், பள்ளியின் விடுதி ஊழியராகவோ ஆசிரியராகவோ பெற்றோராகவோ இல்லாத, வெளியாள் ஒருவரைப் பிள்ளைகள் நேரடியாகத் தொடர்புகொள்ள வழிசெய்திருக்க வேண்டும் என்கின்றன. அந்தச் சிறுமியின் கேள்விக்குப் பள்ளி சொல்ல வேண்டிய விடையில் அப்படி ஒருவரும் இருக்க வேண்டும். யாரிடம் சொல்வாய் என்று பிள்ளையைக் கேட்கும் உரிமை, சொல்வதற்கு ஆள் வைத்திருக்கும் பள்ளிக்கே உண்டு.

நேர்காணலைப் பரீட்சை என்று நினைப்பதால் விளையும் கேட்டை நான் நேரில் கண்டது ஒரு பத்து வயதுப் பையனின் கட்டிலில். நேர்காணலில் அவன் நன்றாகவே பேசினான். விண்ணப்பப் படிவத்தில் உடல்நலம் பற்றிய பத்தியில் 'இல்லை', 'இல்லை', 'இல்லை' என்று தந்தை வரிசையாக எழுதியிருந்தார். பள்ளி திறந்த இரண்டாவது வாரம், விடியற்காலை நாலரை மணி அளவில் குளியலறையில் குழாய்ச் சத்தம் கேட்டுப் போனேன். பையன் படுக்கை விரிப்பைக் கல்லில் வைத்து, சத்தம் வராமல் இருப்பதற்காகத் தேய்க்காமல் கைகளால் பிசைந்துகொண்டிருந்தான். காய வைக்க இடமில்லாததால் அதை அப்படியே ஈரத்துடன் கொண்டுபோய் விரித்து, மேலே போர்வையைப் போட்டு மூடிவைப்பது பள்ளி திறந்த நாளிலிருந்து அவன் வழக்கமாகியிருந்தது. மெத்தையின் அடிப்பக்கத்தில் பூஞ்சை பிடித்திருந்தது. மாலை ஆறு மணிக்கு மேல் தண்ணீர் குடிப்பதை அவனாகவே நிறுத்திவிட்டான் என்பது பிறகு தெரிந்தது. "அப்பா சொல்லக் கூடாதுன்னு சொன்னாங்க சார், சொன்னா சீட் கிடைக்காதுன்னு" என்றான்.

படுக்கையில் சிறுநீர் போவது பத்து வயதில் நூற்றுக்கு ஐந்து பிள்ளைகளுக்கு இருக்கிறது என்று மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. அறுபது பேர் தங்கும் கீழ்வகுப்பு விடுதியில் அந்தக் கணக்குப்படி மூன்று பேர் இருப்பார்கள். பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகளுக்கு அதிகம். பெற்றோரில் ஒருவருக்குச் சிறுவயதில் இருந்திருந்தால் பிள்ளைக்கும் வர வாய்ப்பு கூடும். சோம்பலோ கெட்ட பழக்கமோ அன்று. பெரும்பாலோருக்கு வயது ஏற ஏறத் தானே நின்றுவிடும், நிற்கும் வரை உதவ ஈரம் பட்டால் ஒலிக்கும் மணியும் மாத்திரையும் இருக்கின்றன. விடுதிக்கு இதில் பெரிய வேலை எதுவும் இல்லை: நீர் புகாத மெத்தை உறை ஒன்று, மாற்று விரிப்பு இரண்டு, இரவு பதினொரு மணிக்கு ஒருமுறை எழுப்பிவிட ஓர் ஆள், மற்றப் பிள்ளைகளுக்குத் தெரியாமல் துணியை எடுத்துப்போக ஒரு வழி. அந்தப் பையனுக்கும் அவ்வளவுதான் செய்தோம். மூன்று நாளில் முடிந்திருக்க வேண்டிய காரியத்துக்காக ஒரு குழந்தை இரண்டு வாரம் தாகத்தோடு படுத்திருக்கிறது. தந்தையின் மேல் எனக்குக் கோபம் வந்தது உண்மை. யோசித்துப் பார்த்தபோது, அவரை மறைக்க வைத்தது எங்கள் படிவமும் எங்கள் மேசையும்தான் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு 'பிள்ளைக்கு ஏதாவது பிரச்சினை உண்டா' என்று கேட்டால் எந்தத் தந்தை உண்டு என்பார்? வலிப்பு, மூச்சிரைப்பு, தூக்கத்தில் நடப்பது, அண்மையில் வீட்டில் நேர்ந்த ஒரு சாவு என்று பள்ளி கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய எல்லாமே இப்படித்தான் மறைக்கப்படுகின்றன.

பிள்ளையின் விருப்பத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் வீட்டு ஏக்கம் பற்றி 2007இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. வீட்டைப் பிரிந்து போகும் பிள்ளைகளில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் ஏக்கம் கொஞ்சமாவது வரும் என்றும், கடுமையான ஏக்கத்துக்கு ஆளாகக் கூடியவர்கள் யார் என்பதை முன்கூட்டி ஓரளவு சொல்ல முடியும் என்றும் அது கூறுகிறது. முன்பு வீட்டை விட்டு வெளியே தங்கிப் பழகாத பிள்ளை, போகும் இடம் மோசமாகத்தான் இருக்கும் என்று எதிர்பார்க்கும் பிள்ளை, போவதா வேண்டாமா என்ற முடிவில் தனக்கு எந்தப் பங்கும் இல்லை என்று உணரும் பிள்ளை ஆகியோர் அதில் வருகிறார்கள். இந்த மூன்றையும் நேர்காணலில் சாதாரணமாகப் பேசியே தெரிந்துகொள்ளலாம். பெற்றோரை வெளியே அமர்த்திவிட்டு, "இங்கே வருவது யாருடைய யோசனை?" என்று கேட்டால் போதும். "அப்பாவோட யோசனை" என்று சொல்லும் பிள்ளையை உடனே திருப்பி அனுப்பிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பத்து வயதில் எந்தப் பெரிய முடிவும் பிள்ளையின் யோசனையாகத் தொடங்குவதில்லை. யோசனை அப்பாவுடையதாக இருந்தாலும், பிள்ளையை அழைத்து வந்து விடுதியைக் காட்டினார்களா, கேள்வி கேட்க விட்டார்களா, மறுத்தபோது காது கொடுத்தார்களா என்பதைப் பெற்றோரிடம் அடுத்துக் கேட்க வேண்டும். கேட்டபோது, 'பள்ளியின் பெயரையே இன்றைக்குத்தான் சொன்னோம்' என்ற விடை எங்களுக்கு வந்ததுண்டு.

அதே அறிக்கை பெற்றோருக்குச் சொல்லும் எச்சரிக்கை ஒன்றை நான் வார்த்தைக்கு வார்த்தை வழிமொழிவேன்: 'பிடிக்கவில்லை என்றால் வந்து கூட்டிக்கொண்டு போய்விடுகிறேன்' என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. அந்த வாக்கைப் பெற்ற பிள்ளை, பிடிக்கிறதா என்று பார்க்காது. பிடிக்காத நாளை எண்ணிக்கொண்டிருக்கும். இதை நேர்காணலின்போதே பெற்றோரிடம் சொல்லிவிடுவது பள்ளியின் கடமை. நேர்காணல் என்பது பள்ளி கேட்பதற்கு மட்டும் அன்று, சொல்வதற்கும்தான்.

இனி, நேர்காணலை அளவுக்கு மீறி நம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். 1979இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி, நேர்காணல் செய்த எண்ணூறு பேரிலிருந்து 150 பேரைத் தேர்ந்தெடுத்துவிட்ட பிறகு, மாநிலச் சட்டமன்றம் இன்னும் 50 பேரைச் சேர்க்கச் சொன்னது. நேர்காணல் வரிசையில் அடியில் கிடந்தவர்களே அப்போது எஞ்சியிருந்தார்கள். அவர்களிலிருந்து 50 பேரை எடுத்தார்கள். படிப்பு முடிந்து பயிற்சி மருத்துவர்களானபின் இரு கூட்டத்தாரையும் ஒப்பிட்டதில், குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் இல்லை என்று 1987இல் ஆய்வு வெளியாயிற்று. அவர்கள் வயது வந்த மாணவர்கள், நாம் பேசுவது குழந்தைகளைப் பற்றி. ஆயினும் மேசைக்குப் பின்னால் இருப்பவர்கள் அதே வகை மனிதர்கள். தன்னைப் போல் பேசும் பிள்ளையை 'நல்ல பையன்' என்று எழுதிக்கொள்ளும் பலவீனம் எந்தக் குழுவுக்கும் உண்டு.

பலவீனம் திட்டமாகவும் மாறியதுண்டு. 1920களில் ஹார்வர்டு பல்கலைக்கழகத் தலைவராக இருந்த ஏ. லாரன்ஸ் லோவெல், யூத மாணவர்கள் மிகுதியாகச் சேர்வதைக் குறைக்க வெளிப்படையாக ஒரு வரம்பு விதிக்க முயன்றார். அது எதிர்ப்பில் தோற்றது. 1926 முதல் கல்வித் தகுதியோடு 'குணநலனும் ஆளுமையும்' பார்க்கப்படும் என்றானது. விண்ணப்பத்தோடு நிழற்படமும் கேட்கப்பட்டது. யூத மாணவர்களின் பங்கு அதன்பின் பெரிதும் குறைந்தது. யாரையும் பெயர் சொல்லி விலக்காமல் விலக்குவதற்கு 'ஆளுமை' என்ற சொல்லைப் போல் வசதியானது வேறில்லை. எனவே ஒரு பள்ளியின் நேர்காணல் குறிப்பில் 'பர்சனாலிட்டி: 20' என்று ஒரு கட்டம் இருந்தால், அந்த இருபதை எதைக் கண்டு போட்டார்கள் என்று அந்தக் குழுவில் ஒருவராவது கேட்க வேண்டும். எங்கள் பள்ளியில் அந்தக் கட்டம் வெகுகாலம் இருந்தது. அதில் நானும் எண்களைப் போட்டிருக்கிறேன், எதைக் கண்டு என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது.

பிற்காலத்தில் நாங்கள் செய்துகொண்ட சீர்திருத்தம் எளிமையானது. எல்லாப் பிள்ளைகளிடமும் அதே ஐந்தாறு கேள்விகளைக் கேட்பது. குழுவினர் ஒருவரோடொருவர் பேசுவதற்கு முன்பே தத்தம் குறிப்பை எழுதி மடித்துவிடுவது. 'துடிப்பானவன்', 'மந்தமானவன்' என்று பெயரடை எழுதாமல் பிள்ளை சொன்னதையே எழுதுவது. பிள்ளை எந்த மொழியில் தங்கு தடையின்றிப் பேசுமோ அந்த மொழியில் பேசவிடுவது. கடைசியாகச் சொன்னதற்குத்தான் எதிர்ப்பு அதிகம் வந்தது. பயிற்றுமொழி ஆங்கிலமாக இருக்கும்போது வேறு மொழியில் எப்படி மதிப்பிடுவது என்றார்கள். ஆங்கிலத்தை எழுத்துத் தேர்வு அளந்துவிட்டது, இங்கே நாம் பிள்ளையை அறிய வந்திருக்கிறோம் என்பதே என் விடையாக இருந்தது. ஆங்கிலத்தில் 'யெஸ் சார்', 'நோ சார்' என்று இரண்டே சொல்லோடு முடிந்துபோன ஒரு பையன், மொழியை மாற்றியதும் தன் தங்கைக்கு அம்மை போட்டபோது தான் எப்படித் தனி அறையில் படுத்துக்கொண்டான் என்று பத்து நிமிடம் பேசினான். தனியாகப் படுத்திருக்கிறாயா என்ற கேள்விக்கு அதற்கு மேல் என்ன விடை வேண்டும்?

பயிற்சி மையங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரே மையத்திலிருந்து வரும் பிள்ளைகளை முதல் விடையிலேயே கண்டுபிடித்துவிடலாம். ஒரு காலை நேரத்தில் நான்கு பிள்ளைகளுக்கு ஒரே விஞ்ஞானி முன்மாதிரியாக இருந்தார். மனப்பாட விடையால் சேர்க்கை கிடைக்காமல் போகிறது என்பதல்ல என் குறை. மனப்பாட விடைக்குப் பின்னால் இருக்கும் பிள்ளையைப் பற்றி எதுவும் தெரியாமலே அதைச் சேர்த்துக்கொள்ள நேர்கிறது. அதன் விலையை மாலை நான்கு மணிக்குப் பிறகு அந்தப் பிள்ளை கொடுக்கிறது.

பெற்றோருக்கு உதவும் கட்டுரை ஒன்றைத் தாங்கள் மீண்டும் வெளியிடுவதாக இருந்தால், பிள்ளை சொல்ல வேண்டிய விடைகளை விட்டுவிட்டுப் பெற்றோர் கேட்க வேண்டிய கேள்விகளை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இரவில் விடுதிக்குள் எத்தனை பெரியவர்கள் தூங்குகிறார்கள், அவர்கள் அறை பிள்ளைகள் படுக்கும் இடத்திலிருந்து எத்தனை அடி தூரம்? செவிலியர் இரவிலும் இருக்கிறாரா? பிள்ளை வீட்டுக்குப் போன் பேசும்போது பக்கத்தில் யாராவது நிற்பார்களா? மூத்த மாணவர்களுக்கு இளையவர்கள் மேல் என்ன அதிகாரம் கொடுக்கப்பட்டிருக்கிறது, அதைக் கண்காணிப்பது யார்? சென்ற ஆண்டு இடையிலேயே பள்ளியை விட்டுப் போன பிள்ளைகள் ஏன் போனார்கள்? கடைசிக் கேள்விக்குப் பள்ளி முதல்வரின் முகம் எப்படி மாறுகிறது என்று பார்த்துக்கொள்வதும் நல்லது. பெற்றோர் இவற்றைக் கேட்கத் தயங்குகிறார்கள். கேட்டால் பிள்ளையின் சீட் போய்விடும் என்று அஞ்சுகிறார்கள். இந்தக் கேள்விகளுக்காக ஒரு பள்ளி சீட்டை மறுக்குமானால், மறுத்ததே அந்தக் குடும்பத்துக்கு நன்மை.

பள்ளிகள் உடனே செய்யக்கூடிய மாற்றம் ஒன்று உண்டு. பிரிட்டனின் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டப்படி, சில விலக்குகள் நீங்கலாக, வேலை கொடுப்பதாக முடிவு செய்வதற்கு முன் விண்ணப்பதாரரின் உடல்நலம் பற்றி முதலாளி கேட்கக் கூடாது. பெரியவர்களுக்கு இருக்கும் இந்தப் பாதுகாப்பைப் பத்து வயதுப் பிள்ளைக்கும் கொடுக்கலாம். தன்னால் உண்மையிலேயே பார்த்துக்கொள்ள முடியாத நிலைமைகள் எவை என்பதை, இரவுச் செவிலியர் இல்லை, மருத்துவமனை இவ்வளவு தூரம் என்பவற்றோடு சேர்த்து, விண்ணப்பத்துக்கு முன்பே பள்ளி அச்சிட்டுக் கொடுத்துவிடட்டும். மற்றவற்றைச் சேர்க்கை உறுதியான பிறகு கேட்கட்டும்.

அந்தப் பையனின் விரிப்பைப் பார்த்த அடுத்த ஆண்டு எங்கள் பள்ளியில் இதைச் செய்தோம். உடல்நலப் படிவத்தை விண்ணப்பத்திலிருந்து பிரித்து, 'பிள்ளையின் இடம் உறுதியாகிவிட்டது; இனி நாங்கள் அவனை நன்றாகப் பார்த்துக்கொள்ள உதவுங்கள்' என்ற கடிதத்தோடு வீட்டுக்கு அனுப்பினோம். அதுவரை எந்த ஆண்டும் வெறுமையாகவே வந்துகொண்டிருந்த 'இரவில் கவனிக்க வேண்டியவை' என்ற பத்தி, அந்த முறை சில படிவங்களில் நிரம்பி வந்தது. ஒன்றில், கேட்டதற்கு விடை எழுதிய தந்தை ஒருவர், தனக்கும் பன்னிரண்டு வயது வரை அப்படி இருந்தது என்று ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தார்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
பணி ஓய்வு பெற்ற விடுதிக் காப்பாளர்